கல்லில் நடந்த பறவைகள்

எட்வர்ட் ஹிட்ச்காக் கல்லூரியில் படித்தவர் அல்லர். 1793-இல் மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்டில், தொப்பி செய்து பிழைத்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். வானியலில்தான் முதலில் மோகம். கண்பார்வை பழுதுபட்டதும் அந்தக் கனவு போயிற்று. பிறகு கான்வே என்ற சிற்றூரில் பாதிரியார். 1825 முதல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் வேதியியல், இயற்கை வரலாற்றுப் பேராசிரியர். பாடம் தொடங்குமுன் யேல் சென்று பெஞ்சமின் சில்லிமனிடம் சில மாதங்கள் பயின்றார். அக்காலத்தில் அமெரிக்கப் புவியியல் பேராசிரியர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

1835-இல் கிரீன்ஃபீல்டில் நடைபாதைக்கென இறக்கிய மணற்கற்பலகைகளில் மூவிரல் தடங்களைக் கண்டவர் ஜேம்ஸ் டீன் என்ற உள்ளூர் மருத்துவர். கடிதம் எழுதினார். ஹிட்ச்காக் முதலில் நம்பவில்லை. டீன் விடாமல் தடத்தின் அச்சு வார்ப்பை அனுப்பிவைத்தார். அதன்பின் பேராசிரியர் நேரில் வந்தார்; வந்தவர் வாழ்நாள் முழுக்க அந்தத் தடங்களை விட்டு அகலவில்லை. 1836-இல் சில்லிமனின் ஆய்விதழில் கட்டுரை வெளியாயிற்று. அவை பண்டைய ராட்சதப் பறவைகளின் காலடிகள் என்றார். 'டைனோசர்' என்ற சொல்லே பிறக்க இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. (1802-லேயே சவுத் ஹாட்லியில் பிளைனி மூடி என்ற சிறுவன் ஏரோட்டும்போது இத்தகைய தடங்களைக் கண்டெடுத்திருந்தான். ஊரார் அதை நோவாவின் காக்கை என்றார்களாம். அவர்களும் பறவை என்றே நினைத்தார்கள்!)

கண்டுபிடித்தது யார்? 1844-இல் டீனும் ஹிட்ச்காக்கும் அதே இதழின் பக்கங்களில் வழக்காடினர். முதலில் கண்டதும் வற்புறுத்தியதும் டீன். அளந்து, பெயரிட்டு, ஒரு துறையாக்கியது ஹிட்ச்காக். நான் டீன் பக்கம் சற்றுச் சாய்கிறேன். நம்பாதவரை நம்பவைப்பது சிறிய வேலையா என்ன?

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும்: மனைவி ஓரா ஒயிட். கணவரின் நூல்களுக்கும் வகுப்புகளுக்கும் நூற்றுக்கணக்கில் படங்கள் வரைந்தவர். வகுப்பறையில் தொங்குவதற்காகத் துணியில் அவர் தீட்டிய பெரும் படங்களை ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி இன்றும் காத்துவருகிறது.

1858-இல் நியூ இங்கிலாந்துத் தடங்களைப் பற்றிய பெருநூலை ஹிட்ச்காக் வெளியிட்டார். டீன் இறந்ததும் அதே ஆண்டில்தான். டீனின் நூல் 1861-இல், அவர் மறைவுக்குப் பிறகு அச்சேறியது. 1864-இல் ஹிட்ச்காக் இறந்தபோதும் அவரைப் பொறுத்தவரை அவை பறவைகளே. பின்னர் அறிவியல் அவற்றை டைனோசர்களின் தடங்கள் என்றது. நூறாண்டுக்கு மேல் கழிந்து, பறவைகளே டைனோசர்களின் வழிவந்தவை என்றும் சொன்னது. அவர் திரட்டிய பலகைகள் ஆம்ஹர்ஸ்டின் பெனெஸ்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.