விழுதுகள் தாங்கிய ஆல்

ஓர் அமைப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் கொள்கையா, கட்டமைப்பா? ஃபை பீட்டா காப்பா என்னும் அமெரிக்க மாணவர் சங்கத்தின் கதை இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐவர் இதைத் தொடங்கினர். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1781 ஜனவரியில் பிரிட்டிஷ் படை நெருங்கியபோது தாய்ச்சங்கம் கலைந்தது. ஆயினும் சங்கம் மாயவில்லை. கிளை தொடங்கும் உரிமைப் பத்திரங்களை எலைஷா பார்மெலி என்பவர் முன்னரே வடக்கே கொண்டுசென்றிருந்தார். 1780இல் யேலிலும் 1781இல் ஹார்வர்டிலும் கிளைகள் வேரூன்றின. அடிமரம் பட்டபின் விழுதுகள் ஆலைத் தாங்கின.

புதிய கிளைகள் மாநில வாரியாகப் பெயர் பெற்றன. ஹார்வர்டு மாசசூசெட்ஸின் ஆல்ஃபா. 1853இல் வந்த ஆம்ஹர்ஸ்ட் அதன் பீட்டா. ஒவ்வொரு கிளையும் தன்னாட்சியுடன் இயங்கியது. இலக்கிய வாசகர்களாகிய நாம் இதற்குக் கடன்பட்டுள்ளோம். எமர்சன் 1837இல் ‘அமெரிக்க அறிஞன்’ உரையை நிகழ்த்தியது ஹார்வர்டு கிளையின் ஆண்டு நிகழ்வில்தான்.

தன்னாட்சிக்கு ஒரு விலையும் இருந்தது. எல்லாக் கிளைகளையும் கட்டுப்படுத்தும் பொது விதியோ, அவை கூடிப் பேச ஒரு மன்றமோ இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1883இல், நியூயார்க் மாநிலத்தின் சாரட்டோகா ஸ்பிரிங்ஸில் கூடி, 25 கிளைகள் கொண்ட ஒன்றியத்தை அமைத்தனர்.

கிளைகள் பெருகப் பெருக, ஒன்றியத்துக்கும் கிளைக்கும் இடையே ஒரு படி தேவைப்பட்டது. அதுவே வட்டாரம். நியூ இங்கிலாந்து, நடு அட்லாண்டிக், தென் அட்லாண்டிக், கிழக்கு மத்தி, வட மத்தி, தென் மத்தி, மேற்கு என ஏழு வட்டாரங்களாக நாடு பகுக்கப்பட்டது. சங்கத்தின் ஆட்சிமன்றத்தில் வட்டாரங்களுக்கும் பிரதிநிதிகள் உண்டு. இன்று 290க்கு மேற்பட்ட கிளைகள் இவற்றுள் அடங்கும்.

இதை வெறும் நிர்வாக வசதி என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. தேர்தலை நாடு முழுவதற்கும் ஒன்றாக வைத்தால், புகழ்பெற்ற பழைய கல்லூரிகளின் பெயர்களே முன்னிற்கக்கூடும். வட்டார இடம் இருந்தால், தொலைவிலுள்ள சிறு கல்லூரியும் தன் அண்டைக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒருவரை அனுப்பலாம். ஆனால் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிளையிடமே நிற்கிறது; வட்டாரம் அதில் கைவைப்பதில்லை.

நம் இலக்கிய அமைப்புகள் பல, தொடங்கியவரோடு முடிந்துபோவதைக் கண்டு வருந்தியிருக்கிறோம். பார்மெலி சுமந்து சென்ற காகிதங்களை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.