பீர் வெள்ளம், 1814

போர்ட்டர் என்பது 18ஆம் நூற்றாண்டில் லண்டன் கூலித் தொழிலாளிகள் விரும்பிக் குடித்த கறுத்த பீர். மரத்தொட்டியில் மாதக்கணக்கில் ஊறினால்தான் அந்த லேசான புளிப்பும் வீரியமும் வரும். பி.காம். படிக்கும் என் கண்ணுக்கு அது முடங்கிக் கிடக்கும் முதல்! பணமுள்ள ஆலைகளே தாக்குப்பிடித்தன. போட்டிபோட்டுத் தொட்டிகளைப் பெரிதாக்கின.

1814 அக்டோபர் 17 மாலை, மியூக்ஸ் ஆலையில் 22 அடி உயரத் தொட்டியின் இரும்பு வளையம் ஒன்று கழன்றது. வழக்கமாக நடப்பதுதானே என்று விட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. பத்து மாதம் ஊறிய பீர் செயின்ட் ஜைல்ஸ் ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் ஒரு குழந்தையின் இழவு வீட்டில் கூடியிருந்தவர்கள்.

விசாரணையில் வெறும் விபத்து என்று தீர்ப்பு. கொட்டிப்போன பீருக்கு ஆலை கட்டிய கலால் வரியை, 7,000 பவுண்டுக்கு மேல், அரசு திருப்பிக் கொடுத்தது. செத்தவர்களின் அடக்கத்துக்கு ஊர் மக்கள்தான் காசு போட்டார்கள்.