கீழச்சிவல்பட்டிச் சாலைகளும் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளும்

சைக்கிளில் ஊர் சுற்ற நினைப்பவர்களுக்குச் செட்டிநாடு ஒரு நல்ல இடம். மலை கிடையாது, பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. செம்மண் பொட்டல், கண்மாய்க் கரை, ஊருணி, பனைமரம், நடுவில் திடீரென்று ஒரு அரண்மனை போன்ற வீடு. இதுதான் அந்தப் பக்கத்தின் காட்சி.

கீழச்சிவல்பட்டி அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல!), புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்கு அருகில் இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான இளையாத்தங்குடி இதன் பக்கத்து ஊர். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டியும், கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டியும் இந்த வட்டாரம்தான். வடகிழக்கே போனால் திருமயம் கோட்டை. தெற்கே போனால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. சைக்கிள் இருந்தால் இவற்றை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஆனால் இந்தக் கட்டுரை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எப்படிப் போவது என்பது பற்றியது அல்ல. இந்த வட்டாரத்துச் சாலைகளில் சைக்கிளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் பெண்கள் எழுதிய வரலாறு. அதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உலகம் சுற்றிய சைக்கிள்

சைக்கிள் பயணத்தின் வரலாறு என்றால் முதலில் வரும் பெயர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பினார். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சின்னது என்று பழைய படங்களில் பார்க்கிறோமே, அந்த வண்டியில்! 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோகாமாவில் பயணத்தை முடித்தார். வழியில் இந்தியாவுக்கும் வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார்.

இந்தியர்களும் சும்மா இருக்கவில்லை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் மட்டும் நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு 1928 மார்ச்சில் சுற்றை முடித்துத் திரும்பினார்கள்.

இதெல்லாம் ஆண்களின் சாகசம். பெண்களுக்குச் சைக்கிள் வேறு ஒன்றாக இருந்தது. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோனி, பெண் விடுதலைக்கு உலகில் மற்ற எதையும் விட அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று 1896-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அந்தப் பேச்சு நம் ஊரில் உண்மையாவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

செட்டிநாட்டுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூர்தான் முருகப்பா குடும்பத்தின் சொந்த ஊர். பர்மாவில் வட்டித் தொழில் செய்து வளர்ந்த குடும்பம் அது. பிறகு தமிழ்நாட்டில் தொழிற்சாலைகள் தொடங்கியது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் அவர்கள் தொடங்கியதுதான் சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸும், அக்காக்கள் ஓட்டிய பி.எஸ்.ஏ.வும் அங்கே செய்தவைதான்.

இப்படிச் செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்று நாடு முழுவதும் சைக்கிள் விற்றது. ஆனால் அதே வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டினால் ஊரே வேடிக்கை பார்த்தது. சைக்கிள் வீட்டில் இருக்கும், அதை ஆண்கள் ஓட்டுவார்கள். பெண்கள் நடப்பார்கள், அல்லது பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

அறிவொளியும் சைக்கிளும்

புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம். பிறகு திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. மழையை நம்பிய வறண்ட பூமி. விவசாயக் கூலி வேலையும் கல் குவாரி வேலையும்தான் ஏராளமான பெண்களுக்குப் பிழைப்பு.

1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அதற்கு முந்தைய ஆண்டுதான் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. புதுக்கோட்டையிலும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் மாலை நேரத்தில் கிராமங்களில் பாடம் நடத்தினார்கள். படிக்க வந்தவர்களிலும் பாடம் சொன்னவர்களிலும் பெண்கள் அதிகம்.

இங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. பஸ் போகாத உள்கிராமங்களுக்குப் பெண் தொண்டர்கள் எப்படிப் போவது? பாடம் முடிந்து எப்படித் திரும்புவது? ஐந்து கிலோமீட்டர் என்றால் நடந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சைக்கிளில் இருபது நிமிடம் போதும். தொண்டர்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கலாம் என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது.

தொண்டர்கள் ஓட்டுவதைப் பார்த்து, படிக்க வந்த பெண்களும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஆட்சியர் இதை எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்கக் கடன் வசதி செய்யப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்தில் பயிற்சி முகாம் நடக்கும். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பார். சைக்கிளுக்கென்று தனிப் பாட்டே எழுதிப் பாடினார்கள். கூலித் தொழிலாளிகள், குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் ஓட்டினார்கள்.

1992 உலக மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். ஊர் அதிர்ந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒன்றரை ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. 1996-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்திலும் இந்தக் கட்டுரை இடம்பெற்றது.

அதில் சுவையான ஒரு தகவல் உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பவும் ஆரம்பித்தார்கள். ஏன் தெரியுமா? முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ விற்பனைச் சரக்கோ இருக்கும். தாய், பிள்ளை, குடம் எல்லாம் ஒரே வண்டியில்.

என்ன மாறியது?

முதலில் பொருளாதாரம். விளைபொருளைப் பக்கத்து ஊர்களில் விற்கப் போகும் பெண்ணுக்கு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. இன்னும் இரண்டு ஊர் கூடுதலாகப் போக முடிந்தது. சீக்கிரம் வீடு திரும்ப முடிந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம், யாரிடமும் கேட்காமல் வெளியே போக முடிந்தது. அதுவரை கணவனோ அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் விட்டால்தான் பயணம். சைக்கிள் ஓட்டிய பெண்களை ஆண்கள் கேலி பேசாமல் இல்லை. ஆனால் ஊரில் ஒருத்தி ஓட்டினால் கேலி செய்யலாம், ஒரு லட்சம் பேர் ஓட்டினால் எத்தனை பேரைக் கேலி செய்வது?

குறைகளும் இருந்தன. 1995-ல் சாய்நாத் மீண்டும் போனபோது ஒரு சைக்கிள் விலை சுமார் 1,400 ரூபாய் ஆகியிருந்தது. கூலிப் பெண்களால் வாங்க முடியவில்லை. ஆனாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் குறையவில்லை என்று அவர் பதிவு செய்தார். ஓட்டத் தெரிவதும் வண்டி சொந்தமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

அடுத்த தலைமுறை

அந்தக் குறையைப் பிற்காலத்தில் ஓரளவு தீர்த்தது பள்ளி மாணவர்களுக்கான இலவச சைக்கிள் திட்டம். தமிழ்நாட்டில் இது 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் அதை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் மாணவிகளின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். புதுக்கோட்டைப் பெண்கள் 1991-லேயே அனுபவத்தில் கண்டுபிடித்ததை, கால் நூற்றாண்டு கழித்துப் புள்ளிவிவரம் உறுதி செய்தது!

சிவகங்கை, புதுக்கோட்டை என்ற மாவட்டக் கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. கீழச்சிவல்பட்டியிலிருந்து திருமயம் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பக்கமும் அதே செம்மண், அதே கண்மாய்தான். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருபவருக்கு அமைதியாகத் தெரியும். மாலையில் தனியாக நடந்துபோகும் பெண்ணுக்கு அதே சாலை பயமாகத் தெரியும். அந்தப் பயத்தைப் பாதியாகக் குறைத்தது இரண்டு சக்கரமும் ஒரு மணியும்தான்.

விடுமுறையில் அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் கோட்டையையும் கோயிலையும் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். எதிரே கேரியரில் மூட்டையோடு ஐம்பது, அறுபது வயதில் ஒரு அம்மா சைக்கிள் மிதித்து வந்தால், கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். அவர் 1991-ல் கற்றுக்கொண்டவராக இருக்கலாம்.