சிறுகுறிஞ்சானும் இனிப்பு ஏற்பியும்

சிறுகுறிஞ்சான் (ஜிம்னிமா சில்வெஸ்டிரே) எருக்கு வகையைச் சேர்ந்த ஏறுகொடி. ஐதராபாத் பக்கம் தெலுங்கில் பொடபத்ரி, உருதுவில் குர்மார். இதன் இலையை மென்றபின் வாயில் இடும் சர்க்கரை மணலாய் நெறுநெறுக்குமே தவிர இனிக்காது. உப்பும் புளிப்பும் வழக்கம்போல் தெரியும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் இனிப்பு திரும்பிவிடும்.

உதகமண்டலத்தில் அரசுக் கொயினா வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர் இந்த இலையை ஆராய்ந்து, அதிலிருந்து பிரித்த ஜிம்னமிக் அமிலத்தைப் பற்றி 1887இல் எழுதினார். அது ஒற்றைப் பொருளல்ல, சபோனின்கள் என்ற வேதிப்பொருள்களின் கூட்டம் என்பது பின்னால் தெரிந்தது. நாக்கில் அது எங்கே வேலை செய்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் புதிர். இனிப்பை உணரும் புரதமான இனிப்பு ஏற்பி எதுவென்பதே 2001 வாக்கில்தான் தெளிந்தது.

டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் இணைந்தது அந்த ஏற்பி. ஒவ்வொன்றும் சுவைச் செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும். வெளியே நீட்டிய பெரிய மடல்களில் சர்க்கரை வந்து அமரும். உடனே உள்ளே செய்தி கடத்தும் ஜி-புரதம் தூண்டப்பட்டு, செல்லின் சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிப்படும். டிஆர்பிஎம்5 என்ற வாயில் திறந்து சோடியம் புகும். செல் ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்தியாக வெளிவிட, நரம்பு அதை ஏற்கும். கசப்புக்கு வேறு செல்கள், 25 வகை ஏற்பிகள். ஆனால் உள்ளே ஓடும் வழி ஏறத்தாழ இதுவே.

ஜிம்னமிக் அமிலம் சர்க்கரையின் இடத்துக்குப் போட்டியிடுவதில்லை. எலிக்கு அது பலிக்காது என்பதையே துருப்பாக்கி, மனித, எலிப் புரதங்களைத் துண்டு மாற்றி ஒட்டிப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், மனித டி1ஆர்3இன் சவ்வுக்குள் புதைந்த பகுதியே அது பற்றும் இடம் என்று 2014இல் காட்டினர். மடல்களில் ஒட்டும் அஸ்பார்ட்டேமும் இதனால்தான் சுவையற்றுப் போகிறது. எலியின் இனிப்பைத் தடுப்பது அதே இலையிலுள்ள குர்மாரின். 35 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். அது மனித நாக்கை அவ்வளவாகத் தொடுவதில்லை. பூனைக்கோ இரண்டும் வீண்: அதன் டி1ஆர்2 மரபணுவே பழுதானது.

நாக்கில் இனிப்பு மறைவதைக் காட்டி, இலை இரத்தச் சர்க்கரையையும் குறைத்துவிடும் என்று விற்பவர்கள் உண்டு. வாதம் நிற்காது, சுவை தெரியாமல் விழுங்கிய சர்க்கரையும் குடலில் உறிஞ்சப்படும்.