எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழில் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: உலகிலேயே மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அய்யங்கார் குழு 1959இல் கண்டறிந்தது. இதழ் வெளிவந்த இரண்டாம் வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். நலம் விசாரிப்பு ஏதும் இல்லை, கேள்வி மட்டும்தான்: “ஐயா, அறிக்கையில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வரியை நான் வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன். அந்தக் கட்டுரையாளர் இன்னொருவரிடமிருந்து எடுத்திருந்தார். மூன்று பேரும் அய்யங்கார் பெயரைச் சொன்னோம். மூவரில் ஒருவர்கூடப் பக்க எண் தரவில்லை.

எனவே அறிக்கையிலிருந்தே தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே ஒரு திருத்தம் காத்திருந்தது. அய்யங்கார் ‘குழு’ என்று ஒன்று இருக்கவே இல்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்காரை நடுவணரசு 1957இல் நியமித்தது. அவர் தனியொருவராக ஆராய்ந்து, 1959 செப்டம்பரில் அறிக்கை தந்தார். அவருக்கு முன் 1948இல் அமைக்கப்பட்ட டேக் சந்த் குழுதான் உண்மையில் குழு. இரண்டையும் சேர்த்துப் பேசிப் பேசி, தனி மனிதரைக் குழுவாக்கிவிட்டோம். சின்னப் பிழைதான். ஆனால் முதல் சொல்லே தவறு என்றால் அடுத்த சொற்களை நம்பக் கூடாது என்று எனக்குள் ஒரு குரல் எழுந்தது.

அறிக்கையைப் படிக்கப் படிக்க அய்யங்காரின் மேல் மதிப்பு கூடியது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டாரிடம் இருந்தன. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இங்கே உற்பத்திக்கே வரவில்லை என்கிறார். உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, பொருளை இங்கே செய்யாமல், செய்ய முன்வருபவரையும் தடுக்கிற நிலை அது. வேதிப்பொருள்களுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கும்போது ஜெர்மனியின் 1877ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் போகிறார். அந்தச் சட்டம் வேதிப்பொருளுக்கு உரிமை தரவில்லை. அதைச் செய்யும் வழிக்கு மட்டுமே தந்தது. முன்னதைப் பொருள் காப்புரிமை என்றும் பின்னதைச் செய்முறைக் காப்புரிமை என்றும் சொல்கிறோம். பொருளுக்கு உரிமை பெற்றவர், வேறு எந்த வழியில் யார் அதைச் செய்தாலும் தடுக்கலாம். செய்முறைக்கு மட்டும் பெற்றவரால் அது முடியாது. வேறு வழி கண்டவர் சந்தைக்கு வரலாம். இந்தியாவுக்கு அய்யங்கார் பரிந்துரைத்தது இரண்டாவதை.

நான் தேடிய வரி மட்டும் அதில் இல்லை. இரண்டு முறை படித்தேன். கண் தவறியிருக்கலாம் என்ற ஐயத்தில் மருந்து பற்றிய பகுதிகளை மூன்றாம் முறையும் விரல் வைத்துப் படித்தேன். நாடுகளை விலைவாரியாக வரிசைப்படுத்துகிற வேலை அவருடைய வாதமுறைக்கே பொருந்தாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் சட்டத்தின் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக எடைபோடுகிறவர்.

அடுத்த தடயம் தற்செயலாகக் கிடைத்தது. காப்புரிமை மசோதா பற்றிய பழைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் இதே கருத்து சற்றே நீண்ட வடிவில் இருந்தது. தனிநபர் வருமானமும் மருந்து விலையும் தலைகீழ் உறவில் நிற்பதற்கு இந்தியா ஓர் எடுத்துக்காட்டு என்று அதில் ஒரு வால் ஒட்டியிருந்தது. தலைகீழ் உறவு என்பது நீதிபதியின் நடையல்ல, பொருளியலாளரின் நடை. அதன் அருகில் ஒரு பெயர்: கெஃபாவர்.

ஏஸ்டஸ் கெஃபாவர் டென்னஸி மாநிலத்தின் செனட்டர். அமெரிக்க செனட்டின் ஏகபோக எதிர்ப்புத் துணைக்குழுவின் தலைவர். எஃகு, மோட்டார் வாகனம் என்று தொழில் தொழிலாக ‘நிர்வகிக்கப்பட்ட விலை’யை அவர் விசாரித்து வந்தார். சந்தையில் ஏறி இறங்காமல், விற்பவரே முடிவு செய்து நிறுத்தி வைக்கும் விலைக்கு அன்றைய பொருளியலார் வைத்த பெயர் அது. மருந்துத் தொழிலின் முறை 1959 டிசம்பர் 7இல் தொடங்கியது.

அந்த நாளை ஒரு தாளில் எழுதி, அதற்கு மேல் அய்யங்காரின் நாளை எழுதினேன். 1959 செப்டம்பர். 1959 டிசம்பர். துணைக்குழுவின் மருந்து அறிக்கை 1961 ஜூனில்தான் வெளிவந்தது. செப்டம்பரில் பேனாவை மூடிவைத்தவர் டிசம்பரில் தொடங்கிய விசாரணையை மேற்கோள் காட்டியிருக்க வழியே இல்லை. என் கட்டுரையின் அந்த வரி அங்கேயே விழுந்தது. சங்கடமாக இருந்தாலும், நூல்முனை கையில் அகப்பட்ட மகிழ்ச்சி அதைவிடப் பெரிதாக இருந்தது.

விசாரணைப் பதிவுகளைப் புரட்டும்போது அந்த அறை கண்முன் விரிந்தது. முதலில் சாட்சி சொல்ல வந்தவர் ஷெரிங் நிறுவனத் தலைவர் பிரான்சிஸ் பிரவுன். பிரெட்னிசலோன் மாத்திரை ஒன்றுக்கான மூலப்பொருள் விலை ஏறக்குறைய ஒன்றரை சென்ட். கடைக்காரருக்கு அவர்கள் விற்றது 17.9 சென்ட். பிரெஞ்சு நிறுவனத்திடம் வாங்கி விற்ற ஒரு பெண் ஹார்மோன் மருந்தில் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இருந்த வேறுபாட்டைத் துணைக்குழு 7,079 விழுக்காடு என்று கணக்கிட்டது. அடுத்த நாள் செய்தித்தாள்களில் இந்த எண்தான் தலைப்பு. மூலப்பொருளின் விலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது முறையல்ல, ஆராய்ச்சியும் தோற்றுப்போன முயற்சிகளும் சேர்ந்ததுதான் விலை என்பது பிரவுனின் பதில். அந்தப் பதிலைப் புறந்தள்ள முடியாது, அதையும் குறித்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டிய தடயம் இன்னொரு வாதத்தில் இருந்தது. அமெரிக்க மருந்து வெளிநாடுகளில் மலிவாகக் கிடைக்கிறதே ஏன் என்று கேட்டபோது, அங்கே கூலியும் வருமானமும் குறைவு என்பது தொழில்துறைத் தலைவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் கூலி மிகக் குறைந்த நாட்டில் மருந்து மிக மலிவாக இருக்க வேண்டும் அல்லவா? துணைக்குழுவின் கையில் பல நாட்டு விலைகள் இருந்தன. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்கள் வழியே திரட்டிக் கொடுத்தவை. அந்தப் பட்டியலில் அவர்கள் இந்தியாவைத் தேடியிருக்கிறார்கள்.

1961 அறிக்கையில், காப்புரிமையைப் பற்றிய அத்தியாயத்தில், நான் தேடிய வரி இருந்தது. இந்திய மருந்து விலையைப் பற்றிய பகுதியில் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படியொரு பகுதியே அதில் இல்லை. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரும் நாடுகளையும் தராத நாடுகளையும் ஒப்பிட்டுக்கொண்டு போகிற இடத்தில், தருகிற நாட்டுக்கு எடுத்துக்காட்டாக இந்தியா வந்து நிற்கிறது. அமெரிக்க முதலாளிகளுக்கு எதிரான ஒரு வழக்கில் இந்தியா அங்கே சாட்சி.

சாட்சியம் நேரடியாக இரண்டு மருந்துகளைப் பெயர் சொல்கிறது: ஆரியோமைசின், அக்ரோமைசின். இந்த இரண்டின் விலையும் இந்தியாவில் உலகிலேயே மிக உயர்ந்த விலைகளில் சேரும் என்கிறது.

அக்கணமே எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு மருந்துகளைப் பற்றிய தகவலை எல்லா மருந்துகளுக்கும் பொருத்தி ஊதிப் பெருக்கிவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் சட்டத் திருத்தத்தால் பயன்பெறவிருந்த இந்திய மருந்து உற்பத்தியாளர்கள். இப்படி ஒரு முடிவுக்கு வந்து, குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். காலங்களும் பொருந்தி வந்தன. இந்திய மருந்து உற்பத்தியாளர் சங்கம் தொடங்கியது 1961இல், செனட் அறிக்கை வந்த அதே ஆண்டில். 1935இல் சிப்லாவை நிறுவிய க்வாஜா அப்துல் ஹமீத் காப்புரிமைச் சட்டத்தை மாற்றச் சொல்லி விடாமல் வாதாடியவர். பன்னாட்டு நிறுவனங்களின் தரப்பும் சும்மா இருக்கவில்லை. காப்புரிமை மசோதா மக்களவைக்கு வந்த 1965இல்தான் அவர்களும் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். இரு தரப்புத் தலைவர்களும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு எதிரெதிராக வாதங்களை வைத்த காலம் அது. அப்படிப்பட்ட போரில் ஒரு வரி வளைக்கப்பட்டிருந்தால் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் அதே பக்கத்தை மீண்டும் படித்தபோது என் குறிப்பை அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு மருந்துகளைச் சொன்ன வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே, பொதுவாக மருந்துகள் எல்லாவற்றிலும் இந்தியா விலை மிகுந்த நாடுகளில் ஒன்று என்று அறிக்கை தானே சொல்கிறது. தலைகீழ் உறவு என்ற வாலும் அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் பரபரப்பில் இரண்டு பெயர்களோடு நின்றுவிட்டேன். ஊதிப் பெருக்கியதாக நான் குற்றஞ்சாட்டியவர்கள் அதை ஊதவில்லை. கைமாறும்போது உதிர்ந்தது வேறு ஒன்று: இந்தியா மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரும் நாடு என்ற காரணச் சொற்றொடர். காரணம் உதிர்ந்த பின் விலை மட்டும் மிஞ்சியது. அதற்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டபோது, நமக்குத் தெரிந்த நல்ல பெயராகப் பார்த்து அய்யங்காரை வைத்துவிட்டோம்.

அந்த இரண்டு பெயர்கள் என்னை எளிதில் விடவில்லை. இரண்டுமே அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் லெடர்லி பிரிவு விற்றவை. ஆரியோமைசினுக்கு மூலம் மிசௌரி மாநிலத்தில் எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர். பொன்னிறமாக வளர்ந்ததால் லத்தீனில் பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர், எழுபது வயதைக் கடந்த தாவரவியலாளர். அவர் வேலை செய்த ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இந்தப் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நடந்துவிட்டு வந்தேன். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவைசிகிச்சை வகுப்புக்குக் கதராடையில் போய், ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர் தாய்நாடு திரும்பவே இல்லை. ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1948 ஜூலையில். அடுத்த மாதமே சுப்பாராவ் காலமானார். அவர் தலைமை தாங்கிய ஆய்வகத்தின் மருந்து, அவர் பிறந்த நாட்டில் உலகின் மிக உயர்ந்த விலைகளில் ஒன்றுக்கு விற்றது என்பதைப் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்க செனட் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதில் அவர் பெயர் வர வேண்டிய தேவை எழவில்லை. மனம் கனத்தது.

இனி அந்த வரி என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெஃபாவர் 1961இல் கொண்டுவந்த மசோதாவில், மருந்துக் காப்புரிமையின் தனியுரிமை மூன்று ஆண்டுகள் மட்டுமே; அதன் பின் தகுதியுள்ள எவருக்கும் உரிமம் தர வேண்டும்; உரிமத்தொகை விற்பனையில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த செய்தி நாட்டை உலுக்க, 1962 அக்டோபரில் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பும் செயல்திறனும் பற்றிய பகுதிகள் நின்றன, காப்புரிமைப் பகுதி வெட்டப்பட்டது. அவருடைய நாட்டில் அந்த வாதம் தோற்றது.

இங்கே 1965 மசோதா மக்களவை கலைந்ததோடு காலாவதியாகி, 1967இல் மீண்டும் வந்து, 1970இல் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இருக்கவில்லை, செய்முறைக்கு மட்டுமே இருந்தது. அதுவும் முத்திரையிட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு அல்லது காப்புரிமை நாளிலிருந்து ஏழு ஆண்டு, இவற்றில் எது குறைவோ அது. உரிமத்தொகைக்கு வைத்த உச்சவரம்பு 4 விழுக்காடு. கெஃபாவர் கேட்டதில் சரிபாதி. இந்த எண்ணை அவருடைய 8க்குப் பக்கத்தில் எழுதி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 4 என்ற முடிவுக்கு 8தான் தூண்டுதல் என்று எழுதக் கை துடித்தது. இரண்டு எண்கள் பக்கத்தில் நிற்பது உறவாகிவிடாது என்பதால் எழுதவில்லை.

என் கட்டுரை பிறகு ஒரு தொகுப்பில் மறுபதிப்பானபோது அந்த வரியை மாற்றினேன். அய்யங்காரின் பெயருக்கு நேராக 80 முதல் 90 விழுக்காடு என்ற அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பை வைத்தேன். விலை பற்றிய வரியைக் கெஃபாவரின் அறிக்கைக்கும் 1961க்கும் திருப்பிக் கொடுத்து, பொருள் காப்புரிமை என்ற காரணத்தையும் சேர்த்தேன். மருந்துக்கடைக்காரருக்கு அறிக்கைப் பக்கத்தின் நகலை அனுப்பி, இரண்டு மருந்துகளின் பெயரையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஐந்து மாதத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

பத்து நாளில் இன்னோர் அஞ்சலட்டை. இரண்டு மருந்துகளையும் தான் விற்றதுண்டு என்று எழுதியிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுப்பது முழுக் கணக்குக்குத்தான். வருகிறவர்கள் காசை எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டு, மூன்று மாத்திரை கொடுங்கள் போதும் என்பார்கள். புட்டியிலிருந்து தட்டில் கொட்டி எண்ணும்போது தட்டில் ஒட்டும் மஞ்சள் தூளை மாலையில் துடைப்பது, கடையில் சேர்ந்த புதிதில் தன் வேலையாக இருந்ததாம்.