அட்டைக் குறிப்பிலிருந்து ஆழ்கடல் வடம் வரை: செவிலிய ஆய்வைத் தேடிய வரலாறு

செவிலிய ஆய்வைத் தேட இன்று பெரிதும் பயன்படும் இரு தரவுத்தளங்களுள் ஒன்று கட்டணமற்றது, மற்றொன்று விலைக்குரியது. இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகின்றனர். அவற்றின் பிறப்பிலேயே உள்ள வேறுபாடு அதனினும் முக்கியமானது.

1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ மருத்துவர்களுக்கென எழுந்த அடைவு. அதன் வழிவந்த ‘மெட்லைன்’, அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகத்தால் 1997இல் ‘பப்மெட்’ வாயிலாக உலகுக்கே இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. மற்றதன் தொடக்கம் எளியது. 1940களில் எல்லா கிராண்டல் உள்ளிட்ட மூன்று பெண்கள் செவிலிய இதழ்களின் கட்டுரைகளை அட்டைகளில் குறித்துவைத்தனர். அக்குறிப்புகள் 1961இல் நூலாயின. 1977இல் துணை மருத்துவத் துறைகளையும் சேர்த்துக்கொண்டு ‘சினால்’ என்னும் பெயர் பெற்றன. 2003இல் அது எப்ஸ்கோ நிறுவனத்தின் உடைமையாயிற்று. செவிலியருக்காகத் தொகுக்கப்பட்டது சந்தாவுக்குள் சென்றது. மருத்துவருக்காகத் தொகுக்கப்பட்டது பொதுவுடைமையாயிற்று. இவ்வரலாற்றின் முரண் இதுவே.

முரண் சொற்களிலும் தொடர்கிறது. பப்மெட்டின் பொருள்தலைப்புத் தொகுதியான ‘மெஷ்’ மருத்துவத்தின் பார்வையில் உலகை வகுக்கிறது. சினால் அதே கட்டமைப்பைத் தழுவினும், செவிலியர் தம் பணியைக் குறிக்கும் சொற்களை அதில் சேர்த்தது. செவிலிய ஆய்வேடுகளையும் அடைவில் ஏற்றியது. நோயின் பெயரால் தேடுவோருக்குப் பப்மெட் பெரிதும் உதவும். பராமரிப்பின் பெயரால் தேடுவோருக்கு அது மட்டும் போதாது.

இவ்வேறுபாட்டின் எடையை அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உணரலாம். போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜய புரம்) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் 1983 முதல் இயங்குகிறது. ஆயினும் தீவுகளின் இணையம் நெடுங்காலம் செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையையே நம்பியிருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளும் ஆழ்கடல் வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டதும் தொலைவு சுருங்கியது. கட்டணச் சுவர் சுருங்கவில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்க 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது முதன்மையாக இதழ்களைப் படிக்கும் உரிமை. எதைப் படிப்பது என்று கண்டறியும் கருவி வேறு.

சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே மக்களிடையே பணியாற்றிய செவிலியர் சாந்தி தெரசா லக்ரா 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். அத்தகைய பணியை விருது நாட்டுக்கு அறிவிக்கும். தரவுத்தளமோ இதழில் அச்சேறி அடைவில் இடம்பெற்றதை மட்டுமே அறியும். எழுதப்படாத பட்டறிவு இரண்டு தரவுத்தளங்களிலும் ஒருசேர இல்லாததாகிவிடுகிறது.

ஆகவே, முறைசார் ஆய்வுத் தொகுப்பு செய்வோர் இரண்டிலும் தேடுவதே முறை. ஒன்று மட்டுமே எட்டுமெனில், அவ்வரம்பை ஆய்வுமுறைப் பகுதியில் வெளிப்படையாக எழுத வேண்டும். தீவிலிருந்து எழுதுவோர் திறந்த அணுக்க இதழைத் தேர்ந்தால், அடுத்த தீவிலுள்ள செவிலியர் அதைச் சந்தாவின்றிப் படிக்கலாம். வடம் இருவழிப் பாதை. அறிவும் அதில் இருவழியாகச் செல்ல வேண்டும்.