அடையாறும் ரத்தப் புற்றின் ஜ்வரமும்

தங்கை சுந்தராம்பாளை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் சங்கல்பத்தால் எழுந்து, 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் பன்னிரண்டே படுக்கைகளுடன் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சரித்திரத்தில், கருவிகளும் கட்டடங்களும் பெற்ற கீர்த்தியை, கிருமிகளோடு அங்கே இரவு பகலாக நடந்துவந்த போராட்டம் பெற்றதில்லை.

புற்றையும் கிருமிகளையும் எதிர்க்கும் இரு ஆயுதங்களுக்கும் நம் சென்னை நகரத்தோடு ஒரு சம்பந்தமுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்தே, குழந்தைகளின் ரத்தப் புற்றைத் தற்காலிகமாகவேனும் அடக்கலாம் என்று பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948-இல் காட்டிய அமினாப்டெரினும், பலவகைக் கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசினும் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

இவ்விரு வகை ஔஷதங்களும் ஏன் இணைபிரியாதவை என்பதை விளக்கவேண்டும். புற்றணுக்களை அழிக்கும் மருந்து, எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் நல்ல அணுக்களையும் சேர்த்தே அழிக்கிறது. 'கவுண்ட் இறங்கிவிட்டது' என்று தாய்மார்கள் கலங்கிச் சொல்லும் அந்த நாட்களில், ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் என்னும் காவல் அணுக்கள் ஐந்நூறுக்கும் கீழே போய்விட, நோயாளியின் குடலிலும் தோலிலும் அதுவரை அடங்கிக்கிடந்த கிருமிகளே ரத்தத்தில் புகுந்துவிடுகின்றன. சீழ் கட்டுவதற்கும் அந்த அணுக்களே வேண்டுமாதலால் புண் சீழ் வைப்பதில்லை. பெரும்பாலும் ஜ்வரம் ஒன்றே அடையாளம். அணுக்கள் எவ்வளவு குறைகின்றனவோ, எத்தனை நாள் குறைந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்கு ஆபத்து மிகுகிறது என்பதை 1966-இல் ஜெரால்டு போடி முதலியோர் கணக்கிட்டுக் காட்டிய பின்னர், ரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் உடனே ஆன்டிபயாடிக் ஏற்றும் முறை உலகெங்கும் நிலைபெற்றது.

அடையாற்றில் இந்த ஞானம் பெரிதும் தேவைப்பட்டது 1984-க்குப் பிறகுதான். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வழிநடத்திய அந்த மருத்துவமனை, பம்பாய், டில்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற கடுமையான சிகிச்சைத் திட்டத்தைக் கைக்கொண்டபோது, ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிதாயிருந்த நிலை மாறி, ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கலாயினர். ஆனால் புற்றுக்குத் தப்பிய சிலரைத் தொற்று கொண்டுபோயிற்று. போஷாக்கின்றி மெலிந்து, நோய் முற்றிய பின் தொலைதூரத்திலிருந்து வந்த குழந்தைகளுக்கு மருந்து மட்டும் போதவில்லை. கை கழுவுதல், காய்ச்சிய நீர், வாய்ப்புண் பராமரிப்பு, நள்ளிரவிலும் உடற்சூடு பார்க்கும் தாதியின் விழிப்பு ஆகியவற்றுக்கும் அந்த வெற்றியில் சமபங்கு உண்டென்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே, இத்தகைய சிகிச்சையிலுள்ள குழந்தையோ பெரியவரோ வீட்டிலிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உடற்சூடு 100.4 டிகிரியைத் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று பார்த்திராமல், அந்த மணிக்குள்ளேயே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.